ஒரே திரை, ஒருவருக்கு மட்டும் ஏன் வலிக்கிறது?

"கண்ணு எரியுது." "மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது." "எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது." "வெளிச்சத்தைப் பாத்தாலே கூசுது." "அந்த கேமைப் பாத்தா எனக்குக் குமட்டுது."

செல்போன், கணினி, டி.வி. பற்றி மதுரைப் பக்கத்து வீடுகளில் கேட்கும் முறையீடுகள் பெரும்பாலும் இவைதான். எல்லாவற்றுக்கும் பெரியவர்கள் ஒரே பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள்: "போனை ரொம்பப் பாக்குற, அதான்." இதில் பாதி உண்மை. ஆனால் அதே வீட்டில் அதே அளவு, சில நேரம் அதைவிட அதிகமாகவே போன் பார்க்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒன்றும் ஆவதில்லை. உடனே வலிக்கிறது என்று சொன்ன பிள்ளை மீது சந்தேகம் விழுகிறது. படிக்க மனமில்லை, சாக்குச் சொல்கிறான் என்கிறோம். அலுவலகத்திலும் இதேதான், பக்கத்து நாற்காலிக்காரர் பத்து மணி நேரம் உட்காருகிறார், இவருக்கு மட்டும் இரண்டு மணி நேரத்தில் தலைவலியா என்கிறார்கள்.

வலிக்கத்தான் செய்கிறது. திரை ஒன்றாக இருந்தாலும் அதைப் பார்க்கும் கண்ணீர்ப் படலம் ஒன்றல்ல, கண் தசைகள் ஒன்றல்ல, மூளையின் கூச்சமும் ஒன்றல்ல. மேலே சொன்ன ஐந்து முறையீடுகளும் ஒரே இடத்தில் பிறப்பவை அல்ல. எந்த இடம் என்று தெரியாமல் கண்ணாடி மாற்றுவதும், சொட்டு மருந்து விடுவதும், விலை கூடிய போன் வாங்குவதும் வீண் செலவு. உங்கள் வீட்டில் யாருக்காவது திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அது எந்த வகை என்று கண்டுகொள்ள இந்தக் கட்டுரை உதவ வேண்டும் என்பதே என் எண்ணம்.

எரிச்சலும் உறுத்தலும்தான் அதிகம் பேருக்கு வருவது. காரணம் எளிது: திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுகிறோம். ஜப்பானிய மருத்துவர்கள் சுபோட்டாவும் நகமோரியும் அலுவலக ஊழியர்களின் இமைப்பை எண்ணி 1993-இல் வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கையில் 10 முறைதான் இமைத்தார்கள். கணினித் திரையைப் பார்க்கையில் அது 7 ஆகக் குறைந்தது. அதாவது ஓர் இமைப்புக்கும் அடுத்த இமைப்புக்கும் இடையே எட்டு வினாடிக்கு மேல்.

எல்லோருக்கும் இமைப்பு குறைகிறது என்றால், சிலருக்கு மட்டும் ஏன் எரிகிறது? ஒவ்வோர் இமைப்பும் கருவிழியின் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலத்தைப் பரப்புகிறது. அந்தப் படலம் 10 வினாடிக்கு மேல் உடையாமல் நிற்பவருக்கு எட்டு வினாடி இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. 5 வினாடியில் உடைந்துவிடுபவருக்கோ ஒவ்வோர் இடைவெளியிலும் மூன்று வினாடி கருவிழி காய்ந்து கிடக்கும். ஒரு மணி நேரத்தில் நானூறு முறைக்கு மேல் இப்படிக் காய்ந்தால் எரியாமல் என்ன செய்யும்? வயதானவர்கள், மாதவிலக்கு நின்ற பெண்கள், கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள், சர்க்கரை நோயாளிகள், அலர்ஜி மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோரிடம் இந்தப் படலம் சீக்கிரம் உடைகிறது. அதோடு மதுரையின் காய்ச்சும் வெயில், இரவு முழுக்க முகத்தில் அடிக்கும் மின்விசிறி, அலுவலக ஏ.சி., முகமறைப்பு இல்லாமல் ஓட்டும் இருசக்கர வண்டி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

இதற்குத் தீர்வு கடினமானதல்ல. திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள்; இமை பாதி தாழ்ந்திருந்தால் காற்றுபடும் பரப்பு குறையும். விசிறியின் திசையை மாற்றுங்கள். அவ்வப்போது இமையை முழுக்க மூடித் திறங்கள். பாதி மூடும் இமைப்பால் பயன் குறைவு. தேவைப்பட்டால் மருத்துவர் எழுதித் தரும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: மருந்துக்கடையில் "கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை விடுங்கள். அப்படிக் கிடைப்பவற்றில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. முதல் நாள் சொர்க்கமாக இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பே கெடலாம், கண்புரையும் வரலாம். கண்ணில் விளக்கெண்ணெய் விடுவதும் தாய்ப்பால் விடுவதும் வேண்டாம்.

எழுத்து இரண்டாகத் தெரிவது, வரி விட்டு வரி தாவுவது, அரை மணி நேரம் படித்ததும் புருவத்துக்கு மேல் வலிப்பது ஆகியவை வேறு வகை. இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன். தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. அப்படியும் பெற்றோரில், ஏன், ஆசிரியரில்கூட இதைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

கிட்டத்தில் உள்ள எதையாவது பார்க்கும்போது இரண்டு கண்களும் மூக்கை நோக்கி உள்ளே திரும்ப வேண்டும். அதே நேரம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தடித்துக் குவிய வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்து, படிக்கும் நேரம் முழுக்கத் தளராமல் நடக்க வேண்டும். சிலருக்கு உள்ளே திரும்பும் திறன் குறைவு. சிலருக்குக் குவிக்கும் திறன் குறைவு. சிலருக்குக் கிட்டத்திலிருந்து தூரத்துக்கு மாறுவதில் தாமதம். இவர்களுக்கு மாறுகண் இல்லை. பார்த்தால் கண் நேராகவே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் நகரப் பள்ளிகளிலும் கிராமப் பள்ளிகளிலும் 7 முதல் 17 வயது வரையிலான 920 பிள்ளைகளைச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட இருகண் ஒத்திசைவுக் குறைபாடு நகரத்தில் 31.5 சதவீதம், கிராமத்தில் 29.6 சதவீதம். அவற்றில் அதிகம் காணப்பட்டது, கண்கள் உள்ளே திரும்பும் திறன் குறைவு: நகரத்தில் 16.5, கிராமத்தில் 17.6. ஏறக்குறைய ஆறு பிள்ளைகளில் ஒன்று. நாற்பது பேர் உட்காரும் வகுப்பறையில் ஆறேழு பேர்.

நகரமும் கிராமமும் ஏறத்தாழ சமமாக நிற்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஆய்வு நடந்த நாட்களில் கிராமத்துப் பிள்ளைகள் கையில் இன்றைய அளவுக்குச் செல்போன் கிடையாது. குறையைப் போன் உண்டாக்கியது என்றால் நகரத்தில் எண்ணிக்கை எகிறியிருக்க வேண்டும். அப்படி இல்லை. குறை முன்பே இருக்கிறது. மணிக்கணக்கில் ஒரு சாண் தூரத்தில் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்ததும் அது வலியாக வெளியே வருகிறது. களத்திலும் கண்மாய்க் கரையிலும் விளையாடித் திரிந்த பிள்ளைக்குத் தெரியாத குறை, 2020-இல் ஊரடங்கு வந்து பாடம் முழுக்கச் செல்போனுக்குள் போனதும் தெரிந்தது என்றால் அதில் வியப்பில்லை.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பேனா முனையைப் பிள்ளையின் மூக்குக்கு நேரே கை நீளத்தில் பிடித்து, மெல்ல அருகே கொண்டு வாருங்கள். முனை எப்போது இரண்டாகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். மூக்கிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தூரத்திலேயே இரண்டாகிவிட்டால், அல்லது ஒரு கண் வெளியே விலகுவது உங்களுக்குத் தெரிந்தால், கண் மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தால் சுகமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ, படிக்கும்போது தானாகவே ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாலோ கவனியுங்கள்.

இது சரியாகக்கூடியது. அமெரிக்காவில் 221 பிள்ளைகளை வைத்துப் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2008-இல் வந்தது. மருத்துவமனையில் பயிற்சியாளர் துணையோடும் வீட்டிலும் 12 வாரம் கண் பயிற்சி செய்தவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டு வரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம். பயிற்சி போலத் தோன்றும் வெற்றுப் பயிற்சி செய்தவர்களிலேயே 35 சதவீதம் பேர் தேறினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே யூடியூபில் பார்த்துச் செய்யும் பென்சில் பயிற்சியை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

பள்ளியில் நடக்கும் கண் முகாமில் "6/6, பார்வை நல்லா இருக்கு" என்று எழுதித் தந்திருப்பார்கள். அந்த எண் ஆறு மீட்டர் தூரத்திலுள்ள எழுத்தைப் படிக்க முடிகிறதா என்பதை மட்டும் சொல்கிறது. கிட்டத்துப் பார்வையில் கண் எவ்வளவு பாடுபடுகிறது என்பதைச் சொல்லாது. தூரப்பார்வைக் குறை உள்ள பிள்ளைகள், அதாவது கண்ணாடிக் கடையில் 'ப்ளஸ் பவர்' என்பார்களே அது உள்ளவர்கள், கண்ணின் லென்ஸை விடாமல் இறுக்கிக் குவித்தே முகாமின் எழுத்துப் பலகையைப் படித்துவிடுவார்கள். சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்திப் பார்த்தால்தான் மறைந்திருக்கும் பவர் வெளியே வரும். 6/6 இருக்கிறது, ஆகவே தலைவலி பொய் என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து. சாளேஸ்வரம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். புத்தகம் படிக்க ஒரு கண்ணாடி வாங்கியிருப்பார்கள். அது சுமார் 40 சென்டிமீட்டருக்குப் போட்ட கணக்கு. மேசைக் கணினியோ 60, 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தக் கண்ணாடியோடு திரையைப் பார்த்தால் மங்கல். குனிந்து குனிந்து கழுத்து வலி. மேலே தூரத்துக்கும் கீழே படிப்புக்குமான கண்ணாடி அணிபவர்கள் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்கத் தலையை அண்ணாந்தபடியே நாள் முழுக்க உட்காருகிறார்கள். அடுத்த முறை கண் பரிசோதனைக்குப் போகும் முன் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை இன்ச் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். அந்தத் தூரத்துக்குத் தனியாகப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள்.

இதுவரை சொன்னது கண். இனி மூளை. வெளிச்சம் பட்டால் கூசுகிறது, திரையைப் பார்த்தாலே தலை கனக்கிறது என்பவர்களில் பலருக்குக் கண்ணில் ஒரு குறையும் இராது. பரிசோதித்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் இவர்களில் அதிகம்.

நம் வீடுகளில் நீண்ட காலம் எரிந்த, இன்னும் பல இடங்களில் எரிகிற, சோக் போட்ட டியூப்லைட்டை எடுத்துக்கொள்வோம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் அந்த விளக்கின் வெளிச்சம் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நேராகப் பார்த்தால் தெரியாது, நிலையாக எரிவது போலத்தான் இருக்கும். ஆனால் பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஓர் அலுவலகத்தில் பழைய சோக்கையும் மிக வேகமாகத் துடிக்கும் எலெக்ட்ரானிக் சோக்கையும், எது எப்போது என்று ஊழியர்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எலெக்ட்ரானிக் சோக் எரிந்த காலத்தில் தலைவலியும் கண் அயர்ச்சியும் பாதிக்கும் கீழே குறைந்தன. 1989-இல் வந்த முடிவு இது. கண்ணுக்குத் தெரியாத சிமிட்டல் தலைக்குத் தெரிகிறது என்று அன்றே நிரூபணமாகிவிட்டது.

சிமிட்டலை உணரும் திறனும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அயர்லாந்தின் டப்ளினில் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட சோதனையில், நொடிக்கு 35 முறை சிமிட்டும் விளக்கையே சிலர் நிலையான வெளிச்சமாகக் கண்டார்கள். வேறு சிலருக்கு நொடிக்கு 60 முறையைத் தாண்டியும் சிமிட்டல் தெரிந்தது. ஒரே விளக்கின் முன் உட்கார்ந்த இருவரில் ஒருவர் ஒளியையும் மற்றவர் துடிப்பையும் பார்க்கிறார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சொல்வதால் எதிரில் இருப்பவருக்கும் தெரியவில்லை என்று ஆகாது.

இன்றைய செல்போன்களுக்கு வருவோம். ஓஎல்இடி திரை கொண்ட போன்களில் பல, வெளிச்சத்தைக் குறைக்கத் திரையை மிக வேகமாக அணைத்து அணைத்துப் போடுகின்றன. குழாயின் திருகைப் பாதி திறந்து வைப்பதற்குப் பதில், முழுக்கத் திறந்து உடனே மூடுவதை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை செய்தால் வாளியில் விழும் தண்ணீர் குறையும் அல்லவா, அதே வழிதான். பல போன்களில் இது நொடிக்கு 240 முதல் 480 முறை. வெளிச்சத்தை எவ்வளவு குறைக்கிறீர்களோ, அணைந்திருக்கும் நேரம் அவ்வளவு கூடும். ஆகவே இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்கு நல்லது என்று திரை வெளிச்சத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கிப் பார்ப்பவருக்குத்தான் சிமிட்டல் கடுமையாக இருக்கிறது. பழைய போனில் வராத தலைவலி புதிய, விலை கூடிய போன் வாங்கியதும் வந்தது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இதைச் சோதிக்க வழி உண்டு. இருட்டறையில் போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, இன்னொரு போனின் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி அந்தத் திரையைப் பாருங்கள். கரும் பட்டைகள் ஓடினால் சிமிட்டல் இருக்கிறது. உங்களுக்கு அதனால்தான் வலி என்றால், அறை விளக்கை எரியவிட்டுத் திரை வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் வைத்துப் பாருங்கள். சில போன்களில் 'டிசி டிம்மிங்' என்றோ 'சிமிட்டல் தடுப்பு' என்ற பொருளிலோ ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போடுங்கள். அடுத்த போன் வாங்கும்போது எல்சிடி திரை கொண்டதையோ, நொடிக்கு 2,000 முறை அளவிலோ அதற்கு மேலோ துடிக்கும் திரையையோ பாருங்கள். வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மாலை முழுக்கப் பயன்படுத்திப் பார்ப்பது எல்லா விளம்பரத்தையும்விட மேல்.

கோடுகளும் சிலரை உறுத்தும். வில்கின்ஸ்தான் 1984-இல் இதையும் எழுதினார்: கண்ணிலிருந்து அளக்கும் கோணத்தில் ஒரு பாகைக்குச் சுமார் மூன்று ஜோடி கோடுகள் வரும்படி அமைந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகள்தான் மூளைக்கு அதிகத் தொல்லை. நம் கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு முக்கால் அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 80 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது அந்த அளவு வரும். நம்மில் பெரும்பாலோர் ஒன்றும் உணரமாட்டோம். கூச்சமுள்ளவர்களுக்குப் பட்டைகள் நெளிவது போலவும் அதிர்வது போலவும் தோன்றும். நெருக்கமாக அச்சிட்ட வரிகளும் ஒருவகைக் கோடுகள்தான். திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு இடையே இடம் விட்டதும் சிலருக்குத் தலைவலி குறைவது இதனால்தான்.

மூளையின் இந்தக் கூச்சம் உச்சத்துக்குப் போனால் வலிப்பு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூன் தொடரின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறிப் பளிச்சிட்ட ஒரு காட்சி அதில் வந்தது. அன்று இரவு ஏறத்தாழ 685 பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் அதே காட்சியைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். தனியாள் வேறுபாடு என்றால் என்ன என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இப்படி ஒளியால் தூண்டப்படும் வலிப்பு மக்களில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒருவருக்கு. சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் அதிகம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சிகள் வேண்டாம் என்ற விதி பல நாடுகளில் வந்ததும், வீடியோ கேம் தொடங்கும்போது எச்சரிக்கை வருவதும் இந்த ஆபத்தால்தான். திருவிழாவில் அடித்து அடித்து எரியும் விளக்கு, கச்சேரி மேடையின் பளிச் விளக்கு, தென்னந்தோப்பின் ஊடே விழும் வெயிலைக் கடந்து ஓடும் பேருந்தின் ஜன்னல் ஆகியவையும் இவர்களுக்கு ஆபத்து.

அப்படிப்பட்ட பளிச்சிடல் திடீரென வந்தால் கண்களை மூடிக்கொள்வது போதாது. இமை வழியாகவும் வெளிச்சம் போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அதனால் எந்தப் பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். சில வினாடி வெறித்தபடி நிற்பது, கை திடுக்கென்று துள்ளுவது போன்றவை கேம் ஆடும்போது வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குமட்டல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேமில் ஓடுகிறோம், திரும்புகிறோம், குதிக்கிறோம் என்று கண் சொல்கிறது; உட்கார்ந்திருக்கிறோம் என்று காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இந்த முரண்பாடு சிலரை அசைப்பதே இல்லை, சிலரை வாந்தி வரை கொண்டு போகிறது. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையேறும்போது முதல் வளைவிலேயே எலுமிச்சம்பழம் கேட்பவருக்கு, ஆட்டக்காரனின் கண்வழி காட்டும் துப்பாக்கி கேமும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர் திரையிலிருந்து தள்ளி உட்கார வேண்டும், அறை விளக்கை எரிய விட வேண்டும், கேமின் அமைப்புகளில் கேமரா ஆட்டத்தையும் அசைவு மங்கலையும் நிறுத்த வேண்டும், காட்சியின் அகலக் கோணத்தைக் கூட்ட வேண்டும். முதல் குமட்டலிலேயே நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்று நம்பாதீர்கள்; சிலருக்கு அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரலாம். தலையில் மாட்டும் விஆர் கருவியில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது: உருவம் அருகே வர வரக் கண்கள் உள்ளே திரும்புகின்றன, ஆனால் குவியம் ஒரே தூரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. இருகண் ஒத்திசைவில் ஏற்கெனவே குறை உள்ளவருக்கு அது கூடுதல் தண்டனை.

இத்தனை காரணங்கள் இருக்க, கடைகளில் எல்லோருக்கும் ஒரே மருந்தாக விற்கப்படுவது 'புளூ கட்' கண்ணாடி. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் பற்றிய 17 ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட காக்ரேன் அமைப்பு 2023-இல் சொன்னது: சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், கணினியால் வரும் கண் அயர்ச்சியை இவை குறைப்பதாகத் தெரியவில்லை. மேலே பார்த்த காரணங்களில் பெரும்பாலானவற்றோடு நீல ஒளிக்குப் பெரிய தொடர்பில்லை என்பதை நினைத்தால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். பவர் தேவைப்படுகிறவர் சரியான பவருக்குச் செலவழிக்கட்டும். அந்தப் பூச்சுக்கென்று கூடுதலாகக் கேட்கும் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடி தூரத்தை இருபது வினாடி பார்க்கும் வழக்கம் நல்லது, செலவில்லாதது. உலர்ச்சி உள்ளவருக்கும் கண் தசை சோர்பவருக்கும் உதவும். ஆனால் சிமிட்டலால் தலைவலி வருபவர் அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவார்.

மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இங்கே இருக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் அரவிந்தின் பார்வை மையங்களில் இணையம் வழியாகவே மருத்துவரிடம் பேசலாம். இவ்வளவு இருந்தும், கண்புரை என்றால் ஓடுகிற நாம் திரையால் வரும் வலிக்குப் போவதில்லை. சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறோம். போகிறவர்களும் "தலைவலி, கண் எரிச்சல்" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள்.

போகும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்தத் திரை, எவ்வளவு நேரத்தில், எங்கே வலித்தது, காலையா மாலையா, ஒரு கண்ணை மூடினால் குறைந்ததா, அறையில் எந்த விளக்கு எரிந்தது, வீட்டில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா. அந்தத் தாளோடு போனால் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி பாதி தீர்ந்துவிடும். பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் "கிட்டப் பார்வையில் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யுதான்னு பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஆசிரியர்களிடமும் அலுவலக மேலாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒருவர் திரை வலிக்கிறது என்று சொன்னால், பக்கத்தில் உள்ளவருக்கு வலிக்கவில்லையே என்று கேட்காதீர்கள். எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள். எழுத்தைப் பெரிதாக்கவும், விளக்கை மாற்றவும், அந்தப் பிள்ளைக்கு அச்சிட்ட தாளில் பாடம் கொடுக்கவும் உங்களால் முடியும்.